20 லீற்றரில் யாழ்ப்பாணம்

ஓகஸ்ட் 5, 2022, வெள்ளி. வெள்ளவத்தை, கொழும்பு

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு சுவர்க் கலண்டரோடு பேசத் தொடங்கியிருக்கிறார். "போன வருசம் கொரோனா எண்டு போகேல்லை. இந்த வருசம் பெற்றோல் இல்லையாம்" என்று கலண்டருக்குச் சொல்வார். ரயிலில் போகலாம்தான். ஆனால் கார் ஓட்டின சனமெல்லாம் இப்போது ரயிலில்தான் தொங்குகிறது. அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் ஏறி இறங்க முடியாது. ஆக, கார்.

கார் என்றால் முதலில் கொப்பியும் பேனையும் வேண்டும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எங்கள் பழைய அல்ட்டோ, ஏசி போடாமல், 60க்கு மேல் விரட்டாமல் போனால் லீற்றருக்கு 17 தரும். 23, 24 லீற்றர் வேண்டும். அரசாங்கம் காருக்கு ஒரு வாரத்துக்குத் தருவது 20.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கிற சொந்தங்களுக்காக இந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் 16ஆம் திகதி கியூஆர் அனுமதி என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். இந்த மாதம் 1ஆம் திகதியில் இருந்து நாடு முழுக்க அதுதான். வாகன இலக்கம், செசி நம்பர், அடையாள அட்டை இலக்கம் கொடுத்துப் பதிந்தால் போனுக்கு ஒரு கட்டம்கட்டமான படம் வரும். பெற்றோல் செட்டில் நிற்கிற பெடியன் தன்னுடைய போனால் அதைப் படம் பிடித்தால் உங்கள் மீதி எவ்வளவு என்று தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. எல்லாம் ஒரு வாரத்துக்கு.

போன வாரத்துப் பங்கை வாங்கிவிட்டுக் காரை வீட்டில் நிறுத்தி வைத்தேன். இந்த வாரத்தையும் சேர்த்ததில் தாங்கி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. 35 லீற்றர். போய்ச் சேரும்போது 11, 12 மிஞ்சும். அடுத்த வாரக் கணக்கு ஏறியதும் அங்கே 20 அடித்தால் திரும்பி வந்துவிடலாம். அங்கே பெற்றோல் இருந்தால்.

இப்படிக் கணக்குப் போட முடிகிறதே, அதுவே எனக்குப் பெரிய விஷயம். ஜூனில் கணக்கே இல்லை, வரிசை மட்டும்தான். காலி வீதியில் எங்கள் செட்டில் இருந்து தொடங்கிய வால் எங்கே முடிகிறது என்று ஒருநாள் நடந்து பார்த்தேன். பம்பலப்பிட்டி தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. முடிவு தெரியாமலே திரும்பிவிட்டேன். பக்கத்து மாடியில் இருக்கிற அண்ணை காரிலேயே படுத்து எழும்பினார். காலையில் மனைவி சாப்பாடு கொண்டுபோவார், மத்தியானம் மகன் போய் இருப்பான், இரவு திரும்பவும் அவர். முன்னால் உள்ள கார் பத்து அடி நகர்ந்தால் எஞ்சினைப் போடாமல் இறங்கித் தள்ளுவார்கள். எண்ணெய் கொண்டுவருகிற பவுசர் லொறி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் இருந்து வெளிக்கிட்டது என்று சொல்ல வட்ஸ்அப்பில் நாலைந்து குழுக்கள். காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களின் காரில் இருந்து வரிசை காக்கிற பெடியன்களும் இருந்தார்கள். வரிசையில் மயங்கி விழுந்து உயிர் விட்டவர்களைப் பற்றி மார்ச்சில் இருந்தே செய்தி வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஜூன் 27ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள்.

விலையை நினைவில் இருந்தே சொல்வேன், அவ்வளவு பாடமாகிவிட்டது. போன வருடம் ஜூன் முற்பகுதி வரை 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபா. டிசம்பரில் 177. இந்த வருடம் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470. இப்போது 20 ரூபா குறைத்து 450. உக்ரைன் சண்டையால் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது உண்மைதான். ஆனால் எங்கள் கதை டொலர் கதை. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டதும் 200 ரூபா டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனது. கப்பல் வந்து கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், கட்டக் காசு இருக்காது. 2019 முடிவில் 760 கோடி டொலர் கையிருப்பு வைத்திருந்த நாட்டில், இந்த மே மாதம் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடிகூட இல்லை என்று நிதியமைச்சரே சொன்னார்.

இதெல்லாம் சரி. ஆனாலும் அந்த வரிசைகளில் பாதியை நாங்களே உண்டாக்கினோம் என்றுதான் நினைக்கிறேன். முன்பெல்லாம் ஆயிரம் ரூபாவுக்கு அடி என்று சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள். எங்கள் வளாகத்தில் இருக்கிற கார்களில் பாதி, கால் தாங்கி எண்ணெயோடுதான் நிற்கும். பயம் வந்த பிறகு எல்லோருக்கும் தாங்கி நிரம்ப வேண்டும். ஒருவரும் முன்பைவிடக் கூடுதலாக ஓடவில்லை. ஆனால் ஒவ்வொரு காரின் வயிற்றிலும் 20, 25 லீற்றர் சும்மா கிடக்கிறது. பிறகு கான், பிறகு போத்தல். கானில் அடிக்கக்கூடாது என்று தடை போட்ட பிறகு, காரில் அடித்து வீட்டில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். சமையலறைக்குப் பக்கத்தில் பெற்றோல் கான் வைத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

நாளைக்கு ஐந்து மணிக்கு வெளிக்கிடுகிறோம். அம்மா கலண்டரை விட்டுவிட்டு என்னோடு பேசுகிறார்.

ஓகஸ்ட் 6, சனி. புத்தளம் வழியாக வவுனியா

நீர்கொழும்பு வீதியில் இவ்வளவு இலகுவாக நான் என்றைக்கும் கார் ஓட்டியதில்லை. வத்தளையில் நெரிசல் இல்லை, ஜா-எலவில் இல்லை. வீதியோரத்தில் சைக்கிள்கள். கழுத்துப்பட்டி கட்டியவர், சேலையைச் சொருகிக்கொண்ட ஆசிரியை, பின் இருக்கையில் தலையணை கட்டிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற தகப்பன். கொழும்பில் சைக்கிள் விலை இந்த வருடம் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பழைய லுமாலா சைக்கிள் வைத்திருக்கிறவர் இன்றைக்குப் பணக்காரர்.

சிலாபம் வரை செட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு விட்டுவிட்டேன். சிலதில் "பெற்றல் நெத", பெற்றோல் இல்லை என்று சிங்களத்தில் அட்டை தொங்கியது. சிலதில் மோட்டார் சைக்கிள் வரிசை. கார் வரிசை என்று பார்த்தால் பத்து, பன்னிரண்டு கார்கள். லொறிகள்தான் டீசலுக்கு நீளமாக நின்றன. ஜூனில் இதே வீதியால் வந்த தம்பி முறையான ஒருவர், ஒரு ஊரின் வரிசை முடிந்து அடுத்த ஊரின் வரிசை தொடங்குவதற்கு இடையில் வெறும் வீதியே இல்லை என்றார். இப்போது அந்த நிலை இல்லை. கப்பல் அப்படியொன்றும் கூடுதலாக வந்துவிடவில்லை. சந்திகளில் பேசினால் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: என்னுடைய பங்கு எனக்குக் கிடைக்கும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. அதுவரை வீட்டில் படுக்கலாம்.

புத்தளத்துக்குக் கிட்டத் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். அம்மாவின் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாழ்ப்பாணமோ?"

"கொக்குவில். நீங்கள்?"

"சோனகதெரு. தொண்ணூறில வந்தனாங்கள்."

1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வந்தவர். அம்மாவும் அவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஐந்துசந்தியில் இருந்த கடைகளைப் பற்றிப் பேசினார்கள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று இரண்டு பேரும் சரிபார்த்துக்கொண்டார்கள். வியாபாரம் எப்படி என்று நான் கேட்டேன். உப்பு லொறிகளும் யாழ்ப்பாண வான்களும்தான் தன்னுடைய வாடிக்கை என்றார். "வாகனம் ஓடினாத்தான் என்ர அடுப்பு எரியும், மகள். முந்தி விடிய மூண்டு மணிக்கே கடை திறப்பன். இப்ப ஆருக்குத் திறக்கிறது?" பால்தேநீர் கேட்டோம், பால்மா விலையில் அதை நிறுத்திவிட்டாராம். வெறும் தேநீரும் கொஞ்சம் சீனியும். காசு வாங்க மாட்டேன் என்றார். அம்மா வைத்துவிட்டுத்தான் வந்தார்.

அநுராதபுரம் வெயில். ஏசி போடுங்களேன் என்று அம்மா கேட்கவில்லை, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வந்தார். மதவாச்சி தாண்டும்போது தாங்கி முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கணக்கு சரி.

இரவு வவுனியாவில், சின்னம்மா வீட்டில். சின்னம்மாவின் மருமகன் ஓட்டோ ஓடுகிறார். எனக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றதும் சிரித்தார்.

"அக்கா, எனக்கு அஞ்சு. ஒண்டரை நாளில முடிஞ்சிடும். மிச்ச நாளுக்கு நான் என்ன செய்யிறது?"

சாப்பிடும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்றால் 5 லீற்றரில் 125. என்னுடைய கார் 20 லீற்றரில் 340. மோட்டார் சைக்கிள்கூட 4 லீற்றரில் 180, 200 ஓடும். ஆக, இந்த மூன்று பேரில் ஆகக் குறைந்த தூரம் ஓட அனுமதி பெற்றவர், ஓடித்தான் சாப்பிட வேண்டிய ஆள். நான் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போவேன், அவர் எதில் போவார்? வாகனத்தின் அளவைப் பார்த்துத் தாங்கியை நினைத்திருக்கிறார்கள், பிழைப்பை நினைக்கவில்லை. மற்றபடி இந்தக் கியூஆர் முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இந்த ஒரு இடத்தில் எனக்குக் கோபம்தான்.

மீதி நாட்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மோட்டார் சைக்கிளை ஓடாமல் வைத்திருக்கிறவர்களிடம் அவர்களின் பங்கை வாங்குவாராம். அவர்கள் அடித்து, போத்தலில் இறக்கிக் கொடுப்பார்கள். லீற்றர் எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் கறுப்புச் சந்தையில் 2,000 ரூபா வரை போனதாம், "அதுக்கு இது பரவாயில்லை" என்றார்.

ஓகஸ்ட் 7, ஞாயிறு. கொக்குவில்

முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் ஒரு வாகனமும் போகாது. தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். வழக்கமாக நல்லூர்க் காலத்தில் இங்கே வான் நிறுத்த இடம் கிடைக்காது. வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகள் கச்சான் கோதை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இன்று நாங்களும் ஒரு இ.போ.ச. அரசாங்க பஸ்ஸும் மட்டும்தான். கச்சான் விற்கிற அம்மா ஒரு சுண்டு கூடப் போட்டுத் தந்தார்.

ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி. மத்தியானத்துக்கு முன் கொக்குவில். முள் கால் தாங்கிக்கு மேலே நிற்கிறது. மேற்கொண்டு காரைத் தொடுவதில்லை என்று தீர்மானம். மாமாவின் சைக்கிள் இருக்கிறது.

ஓகஸ்ட் 8, திங்கள். கொக்குவில்

விடியப்புறம் நல்லூர். அம்மாவை ஒரு ஓட்டோவில் அனுப்பிவிட்டு நான் சைக்கிளில் போனேன். சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களில் இடமில்லை. இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. கொழும்பில் சைக்கிள் ஓடுகிற ஆளைப் பார்த்து இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை, வாத்தியார், பூசகர், வங்கி மனேஜர் எல்லோரும் ஒரு காலத்தில் ஓடினதுதான்.

பின்னேரம் மாமாவைப் பிடித்து இருத்தினேன். மாமா 90களில் ஒஸ்ரின் ஏ40 காரில் வாடகைக்கு ஹயர் ஓடினவர். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அரசாங்கம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி என்று நீண்ட பட்டியல். மின்சாரமும் இல்லை. அந்த நிலையில் யாழ்ப்பாணம் வருடக்கணக்கில் வாகனம் ஓட்டியது.

"எப்பிடி மாமா?"

"மண்ணெண்ணெயில."

நான் சின்னப் பிள்ளையாக அந்தப் புகையை மணந்தவள்தான். ஆனாலும் அவர் வாயால் கேட்க விருப்பம். பெற்றோல் எஞ்சின் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெயில் பற்றாது. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. ஆகவே முதலில் காபுரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் கொடுக்க வேண்டும். காரில் என்றால் பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தல், அதில் இருந்து சேலைன் குழாய். மோட்டார் சைக்கிளில் என்றால் ஊசிமருந்துச் சீசாவில் இருந்து நாலு சொட்டு. எஞ்சின் பற்றி, சூடாகி, சத்தம் சீரானதும் மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதன் பிறகு எஞ்சினை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் திரும்பவும் சொட்டு. வெள்ளை வெள்ளையாகப் புகை, பிளக்கில் கரி. இரண்டு நாளைக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி உரஞ்ச வேண்டும்.

"ஒரு போத்தில் பெற்றோல் எனக்கு ஒரு மாசம் காணும். அதைப் பொஞ்சாதிக்கும் தெரியாமத்தான் வைச்சிருந்தனான்."

மாமி உள்ளே இருந்து, "எனக்குத் தெரியும்" என்றார்.

புதுக் கார்கள் இதற்குச் சரிவராது. மொரிஸ் மைனர், ஏ40 போன்ற பழைய எஞ்சின்கள்தான் தாங்கின. யாழ்ப்பாணத்தில் அவை இன்னும் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரேடியோ கேட்க சைக்கிள் டைனமோவைச் சுற்றினதும், ஜாம் போத்தல் விளக்கில் திரியைத் தாழ்த்தி வைத்துப் படித்ததும் எல்லோரும் சொல்கிற கதைகள், அவற்றை விடுகிறேன். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அப்போது இப்படி வரிசைகள் இருந்தனவா?

மாமா யோசித்தார். பங்கீட்டுப் பொருள் கொடுக்கிற கூப்பன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை இருந்தது. ஆனால் பெற்றோலுக்கு இல்லை. "வராது எண்டு தெரிஞ்சா ஆர் வரிசையில நிப்பினம்? வரும் எண்டு சொன்னாத்தான் சனம் அடிபடும்" என்றார். போன மார்ச்சில் இங்கே முதல் தரம் வரிசை வந்தபோது மாமா சைக்கிளுக்கு ரியூப் மாற்றிவிட்டு வீட்டில் இருந்தாராம். பேரப்பிள்ளைகள்தான் மோட்டார் சைக்கிளோடு இரவிரவாக நின்றார்கள்.

ஓகஸ்ட் 9, செவ்வாய். யாழ்ப்பாணம்

புது வாரக் கணக்கு ஏறியிருந்தது. காலையில் செட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் இருபது கார்கள் வரை இருக்கும். பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனி வரிசை.

எல்லோரும் கியூஆரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே பொழுதுபோக்கு. ஸ்மார்ட் போன் இல்லாத ஒரு ஐயா கடதாசியில் அச்சடித்து, லெமினேற் பண்ணி, திருநீற்றுப் பையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பெடியன் ஹெல்மெற்றின் பின்பக்கம் ஒட்டியிருந்தான். செட்டில் குனிந்து கும்பிடுகிற மாதிரித் தலையைக் காட்டினால் வேலை முடிந்தது.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு மோட்டார் சைக்கிள் வரிசையில் ஒருவருக்குப் போன் வந்தது. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, அடுத்த ஆள் சொன்னது கேட்டது: "அங்கால செட்டில முடிஞ்சுதாம். நாளைக்கும் பவுசர் வராதாம்." வரிசையில் தலைக்குத் தலை இது மாறி வந்தது. கடைசி ஆளிடம் போகும்போது ஒரு கிழமைக்கு வராது என்று ஆகியிருந்தது. நிழலில் இருந்தவர்கள் எழும்பி வந்து வண்டியில் ஏறினார்கள். பின்னால் நின்றவர்கள் முன்சில்லை முன்னால் நிற்கிறவரின் இலக்கத் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற வான்காரர் இடைவெளியைக் குறைக்கச் சொல்லி ஹோர்ன் அடித்தார். எனக்கும் கை வேர்த்தது. கணக்கெல்லாம் தெரிந்த எனக்கே, முன்னால் ஒரு கார் நுழைந்துவிடுமோ என்று பம்பரோடு பம்பர் ஒட்டத் தோன்றியது.

செட் மனேஜர் ஒரு நடுத்தர வயதுக்காரர். சத்தம் கேட்டு வெளியே வந்தார். கத்தவில்லை. நிலத்தடித் தாங்கியில் விட்டு அளக்கிற கோலை எடுத்துக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, விட்டு எடுத்து, ஈரம் எங்கே நிற்கிறது என்று முன்வரிசையில் நின்ற மூன்று நாலு பேருக்குக் காட்டினார். "இதில நிக்கிற எல்லாருக்கும் காணும். முடிஞ்சாலும் உங்கட கணக்கு கிழமை முடியும் வரைக்கும் அப்பிடியே கிடக்கும். ஒருத்தரும் எடுக்கேலாது." அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் திரும்பவும் நிழலுக்குப் போய்விட்டார்கள்.

ஜூனில் கொழும்பில் எந்தச் செட்டிலும் நான் அந்தக் கோலைக் காணவில்லை. அங்கே சனத்துக்கு முன்னால் துப்பாக்கியோடு ஆமி நின்றது. மார்ச்சில் இருந்தே செட்டுகளுக்கு ஆமி போட்டுவிட்டார்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

20 லீற்றர், 9,000 ரூபா. போன வருடம் இதே 20 லீற்றருக்கு 137 வீதம் 2,740 கொடுத்தேன். திரும்பிப் போவதற்கு வேண்டியது வண்டியில் இருக்கிறது. மனம் நிம்மதியாக இருந்தது, பணப்பை அப்படி இல்லை.

ஓகஸ்ட் 10, புதன். குருநகர்

மீன் வாங்க வேண்டும் என்று மாமி சொன்னதால் சைக்கிளில் குருநகர்க் கரைக்குப் போனேன். கரையில் படகுகள் நிறைய நின்றன, அதுவே நல்ல அறிகுறி இல்லை; அந்த நேரம் அவை கடலில் இருந்து வந்து மீன் இறக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியிணைப்பு இயந்திரப் படகுகளுக்கு மண்ணெண்ணெய்தான். அதன் விலை இன்னும் 87 ரூபாதான். பெற்றோல் 450, டீசல் 430, மண்ணெண்ணெய் 87. கடதாசியில் பார்த்தால் மீனவருக்கு யோகம். ஆனால் அந்த விலைக்கு மண்ணெண்ணெய் கிடைத்தால்தானே? டீசலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயைக் கலந்து ஓடுகிற லொறியும் பஸ்ஸும் நாடு முழுக்க இருக்கின்றன. விலையில் இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துவிட்டு அது நடக்காது என்று யார் நினைத்தார்களோ. மலையகத்துக் குடும்பத்துக்கு அடுப்புக்கு இல்லை, மீனவருக்கு எஞ்சினுக்கு இல்லை.

வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவரோடு பேசினேன். ஒருமுறை தொழிலுக்குப் போய்வர அவருக்கு 25 லீற்றர் வேண்டும். சங்கத்தின் மூலம் எப்போதாவது கிடைப்பதை மூன்று பேர் சேர்த்து, ஒரே படகில் போகிறார்கள். மற்ற இரண்டு படகும் கரையில். தூரத்துக்குப் போவதில்லை. கரையோரத்தில் விழுவதைக் கொண்டு வருகிறார்கள். சிலர் பாய் கட்டிப் போகிறார்கள் என்றார். "அப்பு ஓடினவர் பாயில. எனக்கு அது பழக்கமில்லை, தங்கச்சி. காத்து மாறினா எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது."

விளைமீன் ஒரு கிலோ வாங்கினேன். விலையைச் சொன்னால் மாமி ஏசுவார் என்று கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

ஓகஸ்ட் 13, சனி. திரும்பும் வழி

கிளிநொச்சியில் சிறுபோக அறுவடை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த வயல்கள். அறுவடை இயந்திரம் ஒன்று வயலோரத்தில் நின்றது, ஓடவில்லை. டீசலுக்குக் கமநல சேவை நிலையத்தில் கடிதம் வாங்க வேண்டும், அதைக் கொண்டுபோய்ச் செட்டில் காட்ட வேண்டும். கடிதத்தோடு போன ஆள் இன்னும் வரவில்லையாம். போன வருடம் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், இந்த வருடம் விளைந்ததை வெட்ட டீசல் இல்லை. வயல்காரர் இதைச் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. மழைக்கு முன் வெட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. குருநாகல் வழியாக வந்தோம். இரவு வெள்ளவத்தை. தாங்கியில் 8 லீற்றர் அளவில் மிச்சம்.

ஓகஸ்ட் 22, திங்கள். வெள்ளவத்தை

இதை எழுதும் எண்ணம் இருக்கவில்லை. நேற்று நள்ளிரவில் இருந்து மண்ணெண்ணெய் 87இல் இருந்து 340 ரூபா. டீசலோடு இருந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்பது புரிகிறது. நானே மேலே அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரே இரவில், நாலு மடங்கு.

குருநகரில் பேசினவருக்கு மாமா மூலம் போன் எடுத்தேன். 25 லீற்றருக்கு முன்பு 2,175 ரூபா. இனி 8,500. அதற்கு மேல் ஐஸ், வலை, கூடப் போகிறவரின் பங்கு. கரையோரத்தில் விழுகிற மீனில் அது கட்டுமா என்று கேட்டேன். "கட்டாது. ஆனா இனி எண்ணெய் கிடைக்கும் எண்டு சொல்லுகினம்" என்றார். கிடைத்தால் மூன்று படகும் போகலாம், மூன்றுக்கும் அடிக்கக் காசு இல்லை.

மீனவர்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் உதவித்தொகை கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் கியூஆர் மாதிரி எங்கேயாவது பதிய வேண்டுமா, பிரதேச செயலகத்திலா, சங்கத்திலா என்று அவர் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.